வக்கீல் கூண்டேறிய நாள்

என் வீட்டுக்காரரைத் திட்டுபவர்களைப் பல தினுசாகப் பார்த்துவிட்டேன். தி. நகரில் புடவை எடுக்கப் போன கடையில் பில் போடுகிற பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டு, "சார், நீங்க டிவில பேசறது எங்க அப்பாவுக்குச் சுத்தமா புடிக்காது. ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். அடையாறு பாலத்தின் நடுவில் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கி, "அந்தாளுக்குப் போய் நீ ஏன் சார் ஆஜரான?" என்று சண்டை பிடித்தார். நாங்கள் இறங்கும்போது தன் மச்சானின் நில வழக்குக்கு யோசனை கேட்டார். எங்கள் எதிர் ஃபிளாட் மாமா இன்னும் ஒரு படி மேல். என் வீட்டுக்காரர் வருகிற விவாத நிகழ்ச்சியை முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்பார். முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு வந்து நேரிலும் ஒரு முறை திட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்.

ஊரே வெறுத்த ஒருவனுக்கு எந்த வக்கீலும் ஆஜராக மாட்டேன் என்றபோது இவர் வக்காலத்துப் போட்டார். எங்கள் வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். "சட்டப்படி அவனுக்கும் ஒரு வக்கீல் வேணும்" என்று இவர் வாசலில் நின்று பேட்டி கொடுத்தார். வாசலை அலம்பியவள் நான். சட்டக் கல்லூரியில் பல வருஷம் சாட்சியச் சட்டம் நடத்தினார். நிர்வாகத்தைப் பற்றி வகுப்பிலேயே வாயை விட்டதால் ஒரு பருவம் முழுக்க உள்ளே விடவில்லை. மனுஷர் சளைக்காமல் பெசன்ட் நகர் மணலில் உட்கார்ந்து வகுப்பு எடுத்தார். கல்லூரியில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். மணலில் சுண்டல் விற்பவர்கூட நின்று கேட்டார்.

அவர் பிறந்து வளர்ந்தது சைதாப்பேட்டையில், கோர்ட்டுக்குப் பின்தெருவில். அவருடைய அப்பா கோர்ட் அமீனா. சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது, வீடு புகுந்து ஜப்தி செய்வது என்று யாரும் வரவேற்காத உத்தியோகம். அந்த வீட்டுப் பிள்ளை என்பதால்தானோ என்னவோ, நாலு பேர் முறைத்தால் இவருக்கு உற்சாகம் வந்துவிடும்.

நான் மயிலாப்பூர், கோயிலுக்குப் பின்பக்கம். நான் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு எதிராக ஒரு வழக்கில் ஆஜரானவர் இவர். அப்படித்தான் பழக்கம். பெண் கேட்டுத் தன்னந்தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கூடாது என்பதற்குப் பத்துக் காரணம் சொன்னார். இவர் பத்தையும் ஒவ்வொன்றாக உடைத்தார். களைத்துப்போன அப்பா உள்ளே வந்து அம்மாவிடம், "பையன் பேசறதுல தப்பே இல்லைடி, நிறுத்தத்தான் தெரியலை" என்றார். கல்யாணத்துக்கு வந்தார், ஆனால் சாப்பிடவில்லை. பேத்தி பிறந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கை நனைத்தார்.

அப்பா காலத்துக்குப் பிறகு அந்த வீட்டை இடித்துப் பன்னிரண்டு ஃபிளாட்டுகள் கட்டினார்கள். இரண்டாவது மாடியில் ஒன்று என் பங்காக, என் பெயரில் வந்தது. அங்கே குடிவந்த அன்றே, கல்யாணமானதிலிருந்து இருந்த மீன் பிரச்சினையும் கூடவே வந்தது. அவருக்கு மீன் இல்லாமல் வாரம் ஓடாது, எனக்கு அந்த வாடை ஆகாது. கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பின்பக்க பால்கனியில் அவருக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. அவரே சமைத்து அவரே தேய்த்து வைக்க வேண்டும். அமாவாசை, ஏகாதசி, என் அப்பா அம்மா திதி, இந்த நாட்களில் கிடையாது. இதை அவர் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்தார். இன்னமும் பீரோவில் இருக்கிறது.

அவருக்கு மீன் கொடுப்பவள் எங்கள் தெருமுனை வேப்ப மரத்தடியில் உட்காருகிறவள். பாலவாக்கத்திலிருந்து காலையில் ஷேர் ஆட்டோவில் அலுமினியக் கூடையோடு வந்து இறங்குவாள். இருபது வருஷமாக அதே மரத்தடிதான். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. நான் மீன் வாங்காவிட்டாலும் அவளோடு இரண்டு வார்த்தை பேசாமல் அந்த முனையைத் தாண்டியதில்லை. அவள் பெண் நர்ஸிங் படித்தது, மாப்பிள்ளைக்குக் கோபம் வருவது எல்லாம் எனக்கு அத்துப்படி. என் வீட்டுக்காரரை அவள் "வக்கீல் நைனா" என்பாள். "இன்னா நைனா, நேத்து டிவில வாங்கிக் கட்டிக்கின போல கீது?" என்று அவள் கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வராது.

இனி அந்தக் கையெழுத்துச் சமாச்சாரம். வக்கீல்கள் ஒரு நாளைக்கு நூறு இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள். குமாஸ்தா தாளைப் புரட்டி, போட வேண்டிய இடத்தில் விரலை வைப்பார். இவர் போனில் பேசிக்கொண்டே அந்த விரலுக்குப் பக்கத்தில் போடுவார். விரலைத்தான் பார்ப்பாரே தவிரத் தாளைப் பார்க்கமாட்டார். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்திய அதே மனிதர்தான்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செகரெட்டரி, ஓய்வு பெற்ற ஆபீசர், இதைக் கவனித்து வைத்திருக்கிறார். ஒரு நாள் காலை மாடிப்படியில் இவரை மடக்கி, நோட்டைத் திறந்து, சரியான இடத்தில் விரலை வைத்தார். இவரும் போட்டுவிட்டார்.

அன்றைக்கு என் அப்பா திதி. என் தம்பி வெளிநாட்டில் இருப்பதால் நான் எனக்குத் தெரிந்த அளவில் செய்வேன். காலையிலேயே மாட வீதிக்குப் போய் வாழை இலையும் வாழைக்காயும் வாங்கி வந்து சமைத்து, காக்காய்க்குச் சாதம் வைக்க முன்பக்க பால்கனிக்குப் போனேன். பின்பக்கத்திலிருந்து மீன் வறுபடுகிற வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனுஷர் கரண்டியும் கையுமாக நிற்கிறார். "திதி அடுத்த வாரம்தானே?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கத்தவில்லை. கத்தினால் அவர் பதில் சொல்வார், நான் ஒன்று சொல்வேன், கடைசியில் திதியன்று மீன் வறுப்பதுதான் முறை என்று நிரூபித்துவிடுவார். உள்ளே வந்து உட்கார்ந்து அழுதேன். அன்று மத்தியானம் அவர் கோர்ட்டுக்குப் போன பிறகு, செகரெட்டரி அதே நோட்டோடு மணி அடித்தார்.

"சார் காலையிலேயே போட்டுட்டார் மாமி. ஃபிளாட் உங்க பேர்ல இருக்கிறதால நீங்களும் போடணும். பன்னெண்டுல ஒம்பது இருந்தாத்தான் கேஸ் போடலாம். உங்களோடதுதான் ஒம்பதாவது" என்றார்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் ஓட்டியவள். படிக்காமல் எதிலும் போடமாட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். சிறப்புக் கூட்டம் கூடியதாம், எல்லோரும் கலந்து விவாதித்தார்களாம், தெருமுனை மீன் வியாபாரத்தை அகற்றக் கோர்ட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார்களாம். படித்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கோபம் அவர்மேல். போட்ட கையெழுத்து அவள்மேல். அது போடும்போதே எனக்குத் தெரியும்.

சாயங்காலமே கோபம் இறங்கிவிட்டது. சங்கத்துக்காரர்கள் தீர்மானம் போடுவார்கள், எதையும் செய்யமாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு காலை, அவள் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, கையில் ஒரு கவரோடு மாடி ஏறி வந்தாள்.

"நைனா, இது இன்னா சொல்லுதுன்னு கொஞ்சம் பாரு. படிச்சவங்க யாரோ என்னைய கோர்ட்டுக்கு இட்டாறாங்க."

இவர் சோபாவில் சாய்ந்துகொண்டு உரக்கப் படித்தார். பத்தி பத்தியாகக் கொதித்தார். "சுகாதாரக் கேடாம். எந்த முட்டாள் இதை எழுதினான்? இதுல கையெழுத்துப் போட்ட முட்டாளுங்க யாரு?" என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அவருடைய கையெழுத்து, பக்கத்திலேயே என்னுடையது.

"வேற யாரோ ஒரு முட்டாள் போட்டிருந்தா நான் வந்து கிழிச்சிருப்பேன்" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். "நானே போட்டிருக்கேன். இனிமே உனக்கு நான் ஆஜராக முடியாது. ஆனா வேற நல்ல ஆளை ஏற்பாடு பண்றேன்." அவள் போன பிறகு என்னைப் பார்த்து, "நீயும் என்னை மாதிரி படிக்காமத்தானே போட்ட?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். ஒரே ஒரு ஆட்டல். அதன்பிறகு அதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

அடையாறில் ஆபீஸ் வைத்திருக்கும் அவருடைய பழைய மாணவி அவளுக்காக ஆஜரானாள். சங்கத்துக்கு ஆஜரானவனும் அதே வகுப்பு மாணவன்தான். கோர்ட் இடைக்காலத் தடை போட்டுவிட்டதால், அவள் மரத்தடியை விட்டுப் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி வெயிலில் போய் உட்கார்ந்தாள். வாடிக்கைக்காரர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. பாதிக் கூடை அப்படியே திரும்பிப் போகும். வழக்கில் தோற்றால் அந்த முனை இனி நிரந்தரமாக இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்து, மாட வீதிக்குச் சுற்றிக்கொண்டு போகப் பழகினேன்.

மாணவிக்கு ஒரு யோசனை தோன்றியது. கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் படிக்காமல் போட்டார்கள் என்று நிரூபித்தால் தீர்மானம் ஆட்டம் காணும். அதைச் சொல்ல சார் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். ஊரறிந்த வக்கீல், சாட்சியச் சட்டப் பேராசிரியர், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று கோர்ட்டில் ஒப்புக்கொள்வதா? மறுநாள் காலை, "சொல்றேன். ஆனா எங்க வீட்டம்மாவை இதுல இழுக்காதே. நான் ஒருத்தன் அசடு வழியறது போதும்" என்று மாணவிக்குப் போன் செய்தார். அப்போதும் நான் சொல்லவில்லை.

வீட்டில் ஒத்திகை நடந்தது. நான் எதிர்த்தரப்பு வக்கீல், அவர் சாட்சி. கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்டேன்.

"உங்க பேர் என்ன?"

"அது ரெக்கார்டுலயே இருக்கு. தேவையில்லாத கேள்வி. அப்ஜெக்ட் பண்றேன்."

"சாட்சி அப்ஜெக்ட் பண்ணப்படாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ."

"கேள்வியே தப்பா இருந்தா?"

"தப்பான கேள்விக்கும் பேர் சொல்லலாமோன்னோ."

நாற்பது வருஷமாக ஆயிரம் சாட்சிகளுக்கு 'ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க' என்று சொல்லிக் கொடுத்தவருக்கு, அந்த இரண்டு வார்த்தையோடு நிற்க வரவில்லை. கத்திரிக்காய் முடிந்து வெண்டைக்காய்க்குப் போன பிறகும் வரவில்லை.

கோர்ட்டில் அன்று கூட்டம். செய்தி பரவி, வேறு ஹாலில் வேலை இருந்தவர்கள்கூட வந்து சுவரோரம் நின்றார்கள். எல்லோருக்கும் அவரிடம் ஏதோ ஒரு பாக்கி தீர்க்க வேண்டியிருந்தது போலிருக்கிறது. இவர் பழக்க தோஷத்தில் வக்கீல் மேஜைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். ஊழியர் வந்து கூண்டைக் காட்டினார். மாணவி கேட்டு முடித்ததும் சங்கத்தின் வக்கீலான மாணவன் எழுந்தான். முதலில் காலில் விழாத குறையாகக் கும்பிட்டுவிட்டு, பிறகு ஆரம்பித்தான்.

"கையெழுத்துப் போட்டப்ப உங்க இன்னொரு கையில என்ன இருந்தது சார்?"

இவர் நீதிபதியைப் பார்த்து, "இந்தக் கேள்விக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"நீங்க இப்ப சாட்சி. பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மீன்" என்றார்.

ஹால் முழுக்கச் சிரித்தது. மீனை எதிர்க்கும் தீர்மானத்தில் மீன் பையோடு கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் இந்த ஊரில் இவர்தான். நானும் சிரித்துவிட்டேன்.

"படிக்காம கையெழுத்துப் போடறவனை என்னன்னு சொல்லணும்னு வகுப்புல சொல்லிக் கொடுத்தீங்க?"

"முட்டாள்னு. இன்னிக்கும் அதேதான் சொல்றேன். எழுதிக்கோங்க" என்றார் இவர். அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது. அவ்வளவு வறட்டு கௌரவம் பிடித்த மனிதர் அதை நிமிர்ந்து நின்று சொன்னார்.

மாணவன் அடுத்ததுதான் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டான். "ஃபிளாட் யார் பேர்ல இருக்கு?" மனைவி பேரில் என்றார். "அப்ப சங்கத்துல உறுப்பினர் அவங்கதான். உங்க கையெழுத்து இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அவங்க படிச்சாங்களா?"

"அவளும் படிக்கலை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவதான் சொன்னா."

சொல்லி முடித்த மறு விநாடி அவருக்கே உறைத்தது. இன்னொருவர் சொல்லிக் கேட்டதைச் சாட்சியமாகச் சொல்லக் கூடாது என்பது சாட்சியச் சட்டத்தில் அவர் நடத்திய முதல் பாடம். மாணவன் கைகளைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றான். ஹால் மறுபடி சிரித்தது, சிரித்தவர்களில் நீதிபதியும் உண்டு. மாணவிக்கு வேறு வழி தெரியவில்லை. என்னைச் சாட்சியாக விசாரிக்க அனுமதி கேட்டாள். மூன்று வாரம் கழித்து வாய்தா கொடுத்தார்கள்.

அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 'படிக்கலை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மரத்தடிக்குத் திரும்பிவிடுவாள். 'படிச்சேன்' என்றால் ஒன்பது ஒன்பதாகவே நிற்கும், அவள் இடம் போய்விடும். பொய் சொல்லிவிடுவது என்றே முடிவு செய்துகொண்டு போனேன். அதை ஆட்டோவில் மனசுக்குள் பத்துத் தரம் சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

கூண்டில் ஏறித் திரும்பினால் நேர் எதிர் பெஞ்சில் அவள். கூடை இல்லாமல், இஸ்திரி போட்ட புடவையில், என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நான் தன் பக்கம் பேச வந்திருக்கிறேன் என்ற சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"தீர்மானத்தைப் படிச்சீங்களாம்மா?" என்று மாணவி கேட்டாள்.

"படிச்சேன்."

மாணவியின் கையிலிருந்த பேனா மேஜையில் விழுந்தது. பின் பெஞ்சில் என் வீட்டுக்காரர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். மாணவி வேறு கேள்வி கேட்கத் தோன்றாமல் அமர்ந்துவிட்டாள். மாணவனுக்கு அத்தோடு ஜெயம். அவன் எழுந்திருக்கவே வேண்டாம். ஆனால் குரு முன்னால் ஆணி அடித்துக் காட்டும் ஆசை யாரை விட்டது?

"நல்லாப் படிச்சு, அதுல இருக்கற ஒவ்வொரு வரியும் புரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்க, இல்லையாம்மா?"

இவர் பின் பெஞ்சில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். ஜெயித்த பிறகு இன்னொரு கேள்வி கேட்காதே என்பதும் அவர் பாடம்தான்.

"ஒவ்வொரு வரியும் படிச்சேன். கூட்டம் நடந்ததுன்னு எழுதியிருந்தது. எந்தக் கூட்டமும் நடக்கலை. செகரெட்டரி வீடு வீடா வந்து வாங்கினார். அது பொய்யின்னு தெரிஞ்சும் போட்டேன். அன்னிக்கு எனக்கு என் ஆத்துக்காரர்மேல கோபம். அந்தக் கோபத்தை இந்த அம்மாமேல காட்டிட்டேன்."

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. சங்கக் கூட்டம் எதற்கும் போகாத என் வீட்டுக்காரருக்கு, அந்தக் கூட்டம் நடக்கவில்லை என்பது அதுவரை தெரியாது. தெரிந்த நான் வாயைத் திறந்தால், படித்ததையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நீதிபதி அந்த நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அடுத்த வாய்தாவிலேயே சங்கம் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. காலை பதினொரு மணிக்குள் கடையை முடித்து, இடத்தைத் தண்ணீர் விட்டு அலம்புவது என்று அவளும் ஒப்புக்கொண்டாள். செகரெட்டரி ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அது எனக்கு ஒரு தண்டனையாகவே தெரியவில்லை.

சாட்சி சொல்லி முடித்த அன்று வராந்தாவுக்கு வந்தபோது அவள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய், "எங்க அப்பா திதி அன்னிக்கு. இவர் மீன் வறுத்தார். அந்தக் கோபம்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றாள். "காலீல எல வாங்கிக்கினு போசொல்லோ நீதான சொல்லிட்டுப் போன, அப்பாவுக்குத் தெவசம்னு. நைனா வந்து மீன் கேட்டாரு. இன்னிக்குக் குடுக்கமாட்டேன், ஊட்ல அம்மா தெவசம் வச்சிருக்குதுன்னேன். அடுத்த வாரம்தான் தெவசம்னு அங்கயே நின்னு வாதாடிக்கினு கீறாரு. கஸ்டமரு வேற காத்துக்கினு கீறாங்க. சர்தான்னு குடுத்துட்டேன். குடுத்திருக்கக் கூடாதும்மா. தப்பு எம்மேலதான்."

என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் வெயிலில் உட்கார்ந்தவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மீன் கைம்மா, எத்தினி தபா கழுவினாலும் நாறும்" என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை.